பதினாறு வயதும் பதினான்கு ஆண்டுச் சிறையும்

2024-ஆம் ஆண்டு மார்ச் முதல் வாரத்தில் புதுச்சேரியில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி கொல்லப்பட்ட செய்தி வெளிவந்தபோது நகரில் கடைகள் அடைக்கப்பட்டன, மக்கள் சாலைகளில் திரண்டார்கள், குற்றவாளிகளைத் தூக்கில் போட வேண்டும் என்ற குரல் கடலூர் வரை எழுந்தது. அவ்வழக்கில் கைது செய்யப்பட்ட இருவரும் சட்டத்தின் பார்வையில் வயது வந்தவர்கள். ஆயினும் அவர்களில் ஒருவருக்கு 19 வயதுதான். அவர் இரண்டு ஆண்டுகள் தள்ளிப் பிறந்திருந்தால் அவருடைய பெயரையோ படத்தையோ எந்த நாளிதழும் வெளியிட்டிருக்க முடியாது. அவர் முதலில் நிறுத்தப்படும் இடம் குற்றவியல் நீதிமன்றமாக இல்லாமல் இளைஞர் நீதிக் குழுமமாக இருந்திருக்கும். கிடைக்கக்கூடிய தண்டனையின் அளவோ, அதற்குப் பிறகு நடக்கும் ஒரு மதிப்பீட்டைப் பொறுத்து, மூன்று ஆண்டுகளாகவும் இருக்கலாம், ஆயுள் சிறையாகவும் இருக்கலாம். இவ்வளவு பெரிய இடைவெளி ஏன் ஏற்பட்டது, அதை யார், எதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளாமல், கொடிய குற்றம் செய்த சிறுவர்களுக்கு நெடுங்காலச் சிறை தேவையா என்ற கேள்விக்கு விடை தேட முடியாது.

கடலூர்ப் பகுதியில் சிறார் வழக்குகளில் வாதாடிவரும் எனக்கு இதில் ஒரு நிலைப்பாடு உண்டு. அதை மறைத்துக்கொண்டு எழுத விரும்பவில்லை. உயிரைப் பறித்த பதினாறு வயதுப் பையன் தன் செயலுக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். அதற்கு மூன்று ஆண்டுகள் போதாத வழக்குகளும் உண்டு. ஆனால் அவன் இருபது வயதிலும் முப்பது வயதிலும் எப்படிப்பட்டவனாக இருப்பான் என்று எவருக்கும் தெரியாத நாளில், சட்டப்பிரிவின் எடையை மட்டும் பார்த்து அவனுடைய அடுத்த பதினான்கு ஆண்டுகளை முடிவு செய்வதை என்னால் நீதி என்று ஏற்க முடியவில்லை.

முதலில் சட்டம். 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் இருக்கும் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 18 வயது நிறைவடையாத அனைவரையும் குழந்தை என்றே அழைக்கிறது. குற்றம் சாட்டப்பட்ட சிறுவனைக் காவல் நிலைய லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் கொண்டது அந்தக் குழுமம். சமூகப் பணியாளர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். விசாரணை முடியும்வரை பையன் கூர்நோக்கு இல்லத்தில் இருப்பான் அல்லது பெற்றோரிடம் ஒப்படைக்கப்படுவான். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் அறிவுரை சொல்லி அனுப்புவது முதல் சிறப்பு இல்லத்தில் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள் வைப்பது வரை குழுமத்துக்கு அதிகாரம் உண்டு. குற்றம் நடந்த நாளில் 16 வயது நிறையாதவனுக்கு, அவன் செய்தது கொலையே ஆனாலும், இதுதான் எல்லை. 16 நிறைந்து 18 நிறையாதவன் கொடுங்குற்றம் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டால் மட்டும் வேறொரு கதவு திறக்கிறது. அவனை வயது வந்தவனைப் போல விசாரிக்கலாமா என்று குழுமம் மூன்று மாதத்துக்குள் முதனிலை மதிப்பீடு செய்து, தேவை என்று கருதினால் வழக்கைக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு மாற்றலாம். அங்கே அவனுக்கு மரண தண்டனையோ விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுள் சிறையோ மட்டும் விதிக்க முடியாது. மற்ற எந்தத் தண்டனையும் விதிக்கலாம்.

அந்தக் கதவு திறக்கப்பட்ட விதத்தையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். இந்தியாவிலேயே முதன்முதலாகச் சிறாருக்குத் தனிச் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம்தான். அந்த ஆண்டு 1920. சுதந்திர இந்தியாவில் 1986-ஆம் ஆண்டின் சட்டம் ஆண்களுக்கு 16, பெண்களுக்கு 18 என்று எல்லை வகுத்தது. ஐ.நா.வின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் 1992-இல் இந்தியா இணைந்த பிறகு வந்த 2000-ஆம் ஆண்டின் சட்டம் இருபாலருக்கும் 18 என்று ஒன்றாக்கியது. 2012 டிசம்பரில் டெல்லிப் பேருந்தில் நடந்த கூட்டு வன்கொடுமையில் குற்றம் சாட்டப்பட்ட ஆறு பேரில் ஒருவனுக்கு 18 வயது நிறையச் சில மாதங்களே இருந்தன. அவனுக்கு மூன்று ஆண்டுகள் சிறப்பு இல்லம் என்ற செய்தி நாட்டை உலுக்கியது. அந்த வன்கொடுமையை அடுத்து அரசு அமைத்த நீதிபதி வர்மா குழு வயது வரம்பைக் குறைக்க வேண்டாம் என்று 2013 ஜனவரியிலேயே பரிந்துரைத்திருந்தது. உச்ச நீதிமன்றமும் 2013-லும் 2014-லும் 18 என்ற எல்லையை மாற்ற மறுத்தது. ஆயினும் அந்த இளைஞன் 2015 டிசம்பர் 20 அன்று வெளியே வந்தான். இரண்டு நாள் கழித்து, 22-ஆம் தேதி, மாநிலங்களவை புதிய சட்டத்தை நிறைவேற்றியது. கோபம் நியாயமானதுதான். ஆனால் ஒரு வழக்கை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சட்டம், அந்த வழக்கைப் போலவே இல்லாத ஆயிரக்கணக்கான வழக்குகளின் மீதும் விழுகிறது.

கொடுங்குற்றம் என்றால் எது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. தெருவில் யாரைக் கேட்டாலும் கொலை, வன்கொடுமை என்பார்கள். சட்டமோ செயலின் கொடூரத்தைப் பார்ப்பதில்லை. அந்தச் சட்டப்பிரிவில் குறைந்தபட்சத் தண்டனை 7 ஆண்டுகளாகவோ அதற்கு மேலாகவோ இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. அதிகபட்சத் தண்டனை எவ்வளவு நீண்டதாக இருந்தாலும், குறைந்தபட்சம் 7 ஆண்டு என்று எழுதப்படாவிட்டால் அது கொடுங்குற்றம் ஆகாது என்று 2020 ஜனவரியில் ஷில்பா மித்தல் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2021-ஆம் ஆண்டின் திருத்தம் அதையே சட்டமாக்கியது. இதன் விளைவைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். பதினேழு வயதுப் பையன் ஒருவன் கொல்லும் நோக்கத்தோடு ஒருவரை அரிவாளால் வெட்டி, அவர் மருத்துவமனையில் பிழைத்துக்கொண்டால், அது கொலை முயற்சி. அதற்குக் குறைந்தபட்சத் தண்டனை 7 ஆண்டு என்று இல்லாததால் அவனை வயது வந்தவனாக விசாரிக்க முடியாது. அதே வயதுடைய இன்னொருவன் இருட்டில் கத்தியைக் காட்டிக் கைப்பேசியைப் பறித்தால், கொடிய ஆயுதத்தைப் பயன்படுத்திய கொள்ளை என்று வழக்குப் பதியலாம். அதற்குக் குறைந்தபட்சம் 7 ஆண்டு என்று எழுதியிருப்பதால் அவன் கொடுங்குற்றவாளி ஆகிவிடுகிறான். வணிக அளவைத் தாண்டிய கஞ்சா மூட்டையை, அதாவது இருபது கிலோவுக்கு மேல், யாரோ கொடுக்க அதைப் பேருந்தில் எடுத்துவரும் பையனும் இதே வகையில் சேர்கிறான். குறைந்தபட்சம் அதற்குப் பத்து ஆண்டுகள்.

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். 2024 மே மாதம் புனே நகரில் பதினேழு வயதுச் சிறுவன் ஓட்டியதாகச் சொல்லப்படும் விலையுயர்ந்த கார் மோதி இருவர் இறந்தார்கள். முன்னூறு சொற்களில் கட்டுரை எழுத வேண்டும் என்பதும் அவனுக்கு ஜாமீன் நிபந்தனைகளில் ஒன்றாக இருந்தது நாடு முழுவதும் பேசப்பட்டது. அவனை வயது வந்தவனாக விசாரிக்கக் காவல்துறை கேட்டதைக் குழுமம் பின்னர் ஏற்கவில்லை. கொலை ஆகாத மரணம் விளைவித்தல் என்ற பிரிவில் ஆயுள் சிறை வரை விதிக்கலாம் என்றாலும் குறைந்தபட்சம் 7 ஆண்டு என்ற வரையறை அதில் இல்லை. ஷில்பா மித்தல் வழக்கும் டெல்லியில் ஒரு சிறுவன் ஓட்டிய மெர்சிடிஸ் கார் மோதி ஒருவர் இறந்த வழக்குத்தான். அந்தச் சிறுவர்களையும் பெரியவர்களாக விசாரித்துச் சிறையில் தள்ள வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. வசதியான வீட்டுப் பையன்கள் பொதுவாகச் செய்யும் குற்றமும் வசதியற்ற வீட்டுப் பையன்கள் பொதுவாகச் செய்யும் குற்றமும் வெவ்வேறு சட்டப்பிரிவுகளில் இருக்கின்றன. குறைந்தபட்சத் தண்டனை என்ற அளவுகோல் பெரும்பாலும் இரண்டாம் வகையினர் மீதே வந்து விழுகிறது. கொடூரத்தை அளப்பதற்காகக் கொண்டுவந்த கருவி இவ்வாறு அளக்கிறது என்றால், அதை வைத்து ஒருவனுடைய இளமையை அறுத்தெடுப்பதற்கு நாம் தயங்க வேண்டும்.

இன்னொரு வகை வழக்கைச் சொல்லாமல் போக முடியாது. பதினேழு வயதுப் பையனும் பதினாறு வயதுப் பெண்ணும் விரும்பி வீட்டை விட்டுப் போகிறார்கள். பெண்ணின் வீட்டார் புகார் கொடுக்கிறார்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் வழக்குப் பதிகிறது. அந்தச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழ் உள்ளவரின் சம்மதத்துக்கு மதிப்பில்லை. குறைந்தபட்சத் தண்டனை பத்து ஆண்டுகள். ஆகவே அந்தப் பையனும் கொடுங்குற்றம் சாட்டப்பட்டவனே. இத்தகைய வழக்குகள் குவிவதைக் கண்டுதான் சென்னை உயர் நீதிமன்றம் 2019-இல் சபரி வழக்கிலும் 2021-இல் விஜயலட்சுமி வழக்கிலும் சட்டமியற்றுபவர்கள் இதை மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும் என்று எழுதியது. சிறுவர்கள் செய்யும் கொடிய குற்றங்கள் என்று மேடையில் பேசுகிறவர்கள் கைகாட்டும் எண்ணிக்கையில் இந்தக் காதல் வழக்குகளும் அடங்கியிருக்கின்றன.

எண்ணிக்கை என்று வரும்போது, சிறார் குற்றம் வெள்ளமாகப் பெருகிவிட்டது என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் நாடு முழுவதும் சிறார் மீது பதிவான வழக்குகள் 30,555. அதற்கு முந்தைய ஆண்டைவிட இது சற்றுக் குறைவு. பிடிபட்டவர்களில் முக்கால்வாசிக்கு மேற்பட்டவர்கள் 16-க்கும் 18-க்கும் இடைப்பட்டவர்கள் என்பது உண்மை. அது எங்கும் எக்காலத்திலும் காணப்படுவதுதான். குற்றம் செய்யும் போக்கு பதின்பருவத்தின் பிற்பகுதியில் உச்சத்தைத் தொட்டு இருபதுகளில் இறங்கிவிடுகிறது.

வயதைப் பற்றிய இன்னொரு செய்தி நம் ஊர்க்காரர்களுக்கு உடனே புரியும். இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு, வயதைத் தீர்மானிக்க முதலில் பள்ளிச் சான்றிதழையும், அது இல்லாவிட்டால் நகராட்சியோ ஊராட்சியோ கொடுத்த பிறப்புச் சான்றிதழையும், இரண்டும் இல்லாதபோது மட்டும் எலும்பு வளர்ச்சி போன்ற மருத்துவச் சோதனையையும் பார்க்கச் சொல்கிறது. பள்ளியில் சேர்க்கும்போது ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதற்காகத் தலைமையாசிரியரே ஒரு மே மாதத் தேதியை எழுதிக்கொண்ட பிள்ளைகள் நம் கிராமங்களில் எத்தனை பேர்? உண்மையில் பதினைந்தரை வயதான பையன் சான்றிதழில் பதினாறைத் தாண்டியிருப்பான். அப்பாவி ஆசிரியர் ஒருவர் உதவியாக நினைத்து எழுதிய அந்தத் தேதி, பல ஆண்டுகள் கழித்து, மூன்று ஆண்டுக்கும் ஆயுளுக்கும் இடையிலான கோடாக மாறிவிடுகிறது.

பதினாறைத் தாண்டியவன் என்று முடிவான பிறகு நடக்கும் முதனிலை மதிப்பீட்டில் குழுமம் நான்கு செய்திகளை ஆராய வேண்டும்: அந்தக் குற்றத்தைச் செய்யும் மன வலிமை அவனுக்கு இருந்ததா, உடல் வலிமை இருந்ததா, விளைவைப் புரிந்துகொள்ளும் திறன் இருந்ததா, எந்தச் சூழ்நிலையில் அது நடந்ததாகச் சொல்லப்படுகிறது. இந்தக் கேள்வி புதிதன்று. புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் 1810-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம், பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டவன் பகுத்தறிந்து செய்தானா என்று கேட்டது. இல்லை என்றால் அவனுக்குத் தண்டனை கிடையாது, ஆம் என்றாலும் மரண தண்டனைக்குப் பதிலாகப் பத்து முதல் இருபது ஆண்டுகள் சீர்திருத்த இல்லம். பெண்ணையாற்றுக்கு இந்தப் பக்கம், கடலூரை ஆண்ட ஆங்கிலேயர் 1860-இல் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டமும், ஏழு முதல் பன்னிரண்டு வயது வரையிலான குழந்தைக்குத் தன் செயலின் தன்மையை உணரும் முதிர்ச்சி இருந்ததா என்று கேட்டது. பிரான்ஸ் 1945-இல் அந்தக் கேள்வியையே கைவிட்டது. கல்வியும் சீர்திருத்தமும்தான் முதல் நோக்கம், தண்டனை விதித்தே ஆக வேண்டுமென்றால் பெரியவர்களுக்குரிய காலத்தில் பாதிக்கு மேல் கூடாது என்பது அந்த நாட்டின் பொது விதியாயிற்று; பதினாறு வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் நீதிமன்றம் காரணம் காட்டி இந்தப் பாதி வரம்பை விலக்கலாம். நாம் 2015-இல் பழைய கேள்விக்கே திரும்பியிருக்கிறோம்.

அந்தக் கேள்விக்குச் சரியான விடை சொல்வது எவ்வளவு கடினம் என்பதை 2017 செப்டம்பரில் குருகிராம் பள்ளியொன்றில் ஏழு வயதுச் சிறுவன் கொல்லப்பட்ட வழக்கு காட்டியது. முதலில் பள்ளிப் பேருந்தின் நடத்துநரைக் காவல்துறை கைது செய்தது, அவர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்றும் சொன்னது. பிறகு சிபிஐ விசாரித்து, அவருக்குத் தொடர்பில்லை என்று கூறி, அதே பள்ளியின் பதினாறு வயது மாணவன் மீது குற்றம் சாட்டியது. அந்த மாணவனை வயது வந்தவனாக விசாரிப்பதற்கான மதிப்பீடு நடந்த முறை சரியில்லை என்பதை ஏற்றுக்கொண்ட உச்ச நீதிமன்றம், 2022 ஜூலையில், இது மிக நுட்பமான பணி என்றும், குழந்தை உளவியல் கற்றவர் குழுமத்தில் இல்லாதபோது அத்தகைய வல்லுநரின் உதவியைப் பெற்றே ஆக வேண்டும் என்றும் கூறியது. நடைமுறையில் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலிருந்து வரும் உளவியலர் பையனுடன் செலவிடும் நேரம் குறைவு. அறிவுத்திறன் சோதனை எண்ணொன்றும், நல்லது கெட்டது தெரிகிறது என்ற ஒரு வரியும் அறிக்கையாகிவிடுகின்றன. நல்லது கெட்டது எட்டு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். பதினாறு வயதில் குறைவாக இருப்பது அந்த அறிவு அன்று; நண்பர்கள் சுற்றி நிற்க, நெஞ்சு படபடக்க, அந்தக் கணத்தில் தன்னை நிறுத்திக்கொள்ளும் ஆற்றல். மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டிருக்கிறது என்பதும், தனியாக இருக்கும்போது எடுக்காத அபாயத்தைக் கூட்டாளிகள் பார்க்கும்போது பதின்பருவத்தினர் எடுக்கிறார்கள் என்பதும் பலமுறை ஆராய்ந்து கண்ட முடிவுகள். அமைதியான அறையில் மேசைக்கு எதிரே உட்கார்த்தி வைத்துக் கேட்கும் கேள்விகளால் அந்த இரவை அளக்க முடியாது. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு: குற்றத்தை அவன்தான் செய்தான் என்று மெய்ப்பிக்கப்படுவதற்கு முன்பே, செய்தபோது அவன் மனநிலை என்ன என்று இந்த மதிப்பீடு கேட்கிறது.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். சிறாருக்கு நீண்ட சிறை வேண்டும் என்று வாதிடுவோர் என்னிடம் அடிக்கடி சொல்லும் பழமொழி இது. வளையும் காலம் ஒன்று உண்டு என்பதைத்தானே அது சொல்கிறது? பதினாறு ஐந்தும் இல்லை, ஐம்பதும் இல்லை. அவர்களுடைய வலுவான வாதம் வேறு. அதை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். சட்டம் மென்மையாக இருப்பதால்தான் ரவுடிக் கும்பல்கள் பையன்களை முன்னே அனுப்புகின்றன என்கிறார்கள். புதுச்சேரி எல்லையிலுள்ள முள்ளோடை வழியாக மதுப் புட்டிகளை எல்லை தாண்டிக் கொண்டுவருவதற்கும், புதுச்சேரிக் கும்பல் மோதல்களில் நாட்டு வெடிகுண்டு எறிவதற்கும் பதினேழு வயதுப் பையன்கள் பயன்படுத்தப்படுகிறார்கள் என்பதை இப்பகுதியில் யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் அதற்கான விடை சட்டத்திலேயே இருக்கிறது. சிறுவனைக் குற்றத்தில் ஈடுபடுத்தும் பெரியவருக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 83-ஆம் பிரிவு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் ரூபாய் அபராதமும் வைத்திருக்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 95-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், மூன்று முதல் பத்து ஆண்டுகள் வரை தண்டனை வைத்ததோடு, குற்றம் நடந்துவிட்டால் அந்தப் பெரியவரே அதைச் செய்ததாகக் கருதித் தண்டிக்கச் சொல்கிறது. அனுப்பியவனை விட்டுவிட்டுப் போனவனுக்குப் பதினான்கு ஆண்டு கொடுத்தால் அனுப்பியவனுக்கு என்ன நட்டம்? அடுத்த தெருவில் இன்னொரு பையன் இருக்கிறான். இந்தப் பிரிவுகளைச் சேர்த்து எழுதப்பட்ட குற்றப்பத்திரிகைகளை நான் பார்த்தது மிக அரிது.

நெடுங்காலச் சிறை என்ன செய்கிறது என்பதற்கு அனுபவம் உள்ள நாடு அமெரிக்கா. அங்கே 2005 வரை சிறார்க்கு மரண தண்டனையே இருந்தது. விடுதலைக்கு வழியில்லாத ஆயுள் சிறையைச் சிறார் மீது கட்டாயமாகத் திணிக்கக் கூடாது என்று 2012-இல்தான் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறியது. முன்பு அப்படித் தண்டிக்கப்பட்டவர்களுக்கும் இது பொருந்தும் என்று 2016-இல் தீர்ப்பளித்தது. அதனால் பிலடெல்பியா நகரில் விடுதலையான 174 பேரைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தபோது, 2020-இல் வெளியான முடிவின்படி, மறுபடி தண்டனை பெற்றவர்கள் இரண்டே பேர். இந்த எண்ணை நேர்மையாகப் படிக்க வேண்டும். அவர்கள் ஏற்கெனவே முப்பது, நாற்பது ஆண்டுகள் உள்ளே இருந்தவர்கள்; ஆகவே குறைந்த தண்டனையே போதும் என்று இது மெய்ப்பிக்கவில்லை. ஆனால் சாகும்வரை அபாயமானவர்கள் என்று நீதிமன்றங்கள் அறிவித்தது அவர்களில் ஏறக்குறைய எல்லோரையும் பற்றித் தவறாகிப்போனது. சிறாரைப் பெரியவர்களின் நீதிமன்றத்துக்கு மாற்றும் முறையைப் பற்றி 2007-இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வல்லுநர் குழு, அது வன்முறையைக் குறைப்பதைவிடக் கூட்டுவதாகவே கண்டது.

இங்கிலாந்தின் அனுபவம் இன்னும் சிக்கலானது. 1993-இல் லிவர்பூல் நகருக்கு அருகில் இரண்டு வயதுக் குழந்தையைப் பத்து வயதுச் சிறுவர்கள் இருவர் கொன்றார்கள். விசாரித்த நீதிபதி குறைந்தது எட்டு ஆண்டு என்றார், தலைமை நீதிபதி பத்து என்றார்; நாளிதழ் ஒன்று வாசகர்களிடம் கையெழுத்துச் சீட்டுகளைத் திரட்டிக் கொடுத்த நிலையில் உள்துறை அமைச்சர் பதினைந்து என்றார். தண்டனைக் காலத்தை அரசியல்வாதி நிர்ணயிப்பது நியாயமான விசாரணை ஆகாது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1999-இல் கூறியது. இருவரும் எட்டாண்டு கழித்து 2001-இல் விடுதலையானார்கள். அவர்களில் ஒருவர் பின்னர் வேறு குற்றங்களுக்காகத் திரும்பச் சிறைக்குப் போனார். மற்றவரைப் பற்றி அப்படி எதுவும் பொதுவெளியில் வரவில்லை. ஒரே வயது, ஒரே குற்றம், ஒரே தண்டனை. யார் திரும்புவார், யார் திருந்துவார் என்று 1993-இல் எந்த நீதிபதியாலும் சொல்லியிருக்க முடியாது.

இவ்வளவும் சொன்ன பிறகு, பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் முன் நிற்க வேண்டியிருக்கிறது. கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்ற வளாகத்தில் அவர்களை நான் பார்த்திருக்கிறேன். இளைஞர் நீதிக் குழுமத்தின் விசாரணை மூடிய அறையில் நடக்கிறது. அது அந்தச் சிறுவனுக்குத் தேவையான பாதுகாப்பு. ஆனால் வெளியே மரத்தடியில் காத்திருப்பவர்களுக்கு என்ன நடந்தது, அவன் என்ன சொன்னான், வருந்தினானா என்று ஒருவரும் வந்து சொல்வதில்லை. இழப்பீடு உரிய காலத்தில் கிடைப்பதில்லை. அரசு அவர்களிடம் பேசும் ஒரே மொழி ஆண்டுகளின் எண்ணிக்கைதான். ஆகவே அவர்களும் அந்த மொழியிலேயே, பெரிய எண்ணைக் கேட்கிறார்கள். மூன்று என்ற எண் அவர்கள் காதில் விழும்போது, தங்கள் பிள்ளையின் உயிருக்கு இவ்வளவுதான் விலை என்றே கேட்கிறது. அவர்களைப் பழி உணர்ச்சி கொண்டவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அந்த மூன்று ஆண்டுகளில் உள்ளே ஏதாவது நடந்தால்தான் அவர்களிடம் பதில் சொல்ல முடியும். 2022-ஆம் ஆண்டின் கடைசி நாளில் செங்கல்பட்டில் உள்ள அரசுச் சிறார் இல்லத்தில், திருட்டு வழக்கில் கொண்டுவரப்பட்ட பதினேழு வயதுப் பையன் தாக்கப்பட்டு இறந்தான். பணியாளர்கள் கைது செய்யப்பட்டார்கள். தமிழ்நாட்டு அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்து, இல்லங்களைச் சீர்திருத்துவது குறித்து அறிக்கை பெற்றது. சீர்திருத்தம் என்ற சொல்லை நம்பிச் சட்டம் ஒப்படைத்த இடத்திலேயே உயிர் போகுமானால், பல வழக்குகளுக்கு மூன்று ஆண்டு போதும் என்ற என் வாதத்தின் அடித்தளமே ஆட்டம் காண்கிறது. தச்சுப் பயிற்சிக் கூடம் பூட்டியிருக்க, மனநல ஆலோசனை தரும் ஆற்றுப்படுத்துநர் பணியிடம் காலியாக இருக்க, பையன்கள் காலை முதல் இரவு வரை தொலைக்காட்சி பார்த்துக் கழிக்கும் மூன்று ஆண்டுகள் தண்டனையும் ஆகாது, திருத்தமும் ஆகாது. அத்தகைய இல்லத்தில் அந்தக் காலத்தைப் பத்தாக்கினால் அதே வெறுமைதான் நீளும்.

வயது வந்தவனாக விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றவன் 21 வயது வரை பாதுகாப்பு இடம் எனப்படும் தனி இல்லத்தில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகும் தண்டனைக் காலம் மீதமிருந்தால், இளைஞர் நீதிச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி, குழந்தைகள் நீதிமன்றம் அவனை மறுபடி பார்க்க வேண்டும்: திருந்தியிருக்கிறானா, சமூகத்துக்குப் பயன்படுபவனாக வாழக்கூடியவனா? ஆம் என்றால் நிபந்தனைகளோடும் மேற்பார்வையோடும் விடுவிக்கலாம். இல்லை என்றால் மீதிக் காலத்துக்குச் சிறைக்கு அனுப்பலாம். கடலூர்ப் பையனுக்கு அது பெரும்பாலும் கேப்பர் மலையில் 1865 முதல் நிற்கும் மத்திய சிறை, புதுச்சேரிப் பையனுக்குக் காலாப்பட்டுச் சிறை. கொலைக்கு ஆயுள் தண்டனை என்றால், பெரியவர்களுக்குரிய விதி அவனுக்கும் பொருந்துமானால், பதினான்கு ஆண்டு உள்ளே கழியாமல் விடுதலை பற்றிய பேச்சே எழாது. அதன் பிறகும், சாதாரணமாகச் சிறாருக்குக் கிடைக்கும் தகுதிக்கேடு நீக்கம், அதாவது பழைய வழக்கு வேலைக்கும் கடவுச்சீட்டுக்கும் தடையாகாது என்ற பாதுகாப்பு, இவனுக்குக் கிடையாது. நம் மாவட்டத்து இளைஞர்களில் பலருக்குப் பிழைப்பு வளைகுடா நாடுகளில். அங்கே போகக் காவல்துறை நன்னடத்தைச் சான்று வேண்டும். முப்பது வயதில் வெளியே வருபவனுக்கு மிச்சமிருக்கும் வேலை, பெரும்பாலும், அவனை முதலில் உள்ளே அனுப்பிய கும்பல் கொடுக்கும் வேலைதான்.

ஆகவே இந்தச் சட்டத்தில் நான் மிகவும் மதிக்கும் பிரிவு அந்த 20-ஆம் பிரிவு. பதினாறில் எடுத்த முடிவை இருபத்தொன்றில் திருத்திக்கொள்ள நீதிமன்றத்துக்கு அது வாய்ப்புக் கொடுக்கிறது. அதற்கு ஆதாரமாக நன்னடத்தை அலுவலரோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகோ ஆண்டுதோறும் ஓர் அறிக்கை தர வேண்டும் என்று 19-ஆம் பிரிவு சொல்கிறது. அவன் எந்த வகுப்பு வரை படித்தான், என்ன தொழில் கற்றான், கோபம் வரும்போது என்ன செய்கிறான், இறந்தவரின் வீட்டாரைப் பற்றிப் பேச்சு வந்தால் எப்படி இருக்கிறான், அவனைப் பார்க்க யார் வருகிறார்கள், வெளியே போனால் எந்த வீட்டுக்குப் போவான் என்பதையெல்லாம் நேரில் பழகி எழுத வேண்டிய அறிக்கை அது. ஐந்து ஆண்டுகளில் ஐந்து அறிக்கைகள். நான் பார்த்த கோப்புகளில் அவை பெரும்பாலும் ஒரே பக்கம். முந்தைய ஆண்டின் வரிகள், தேதி மட்டும் மாறியிருக்கும். ஒரு மாவட்டம் முழுவதையும் தனியாகச் சுற்ற வேண்டிய அலுவலரைக் குறை சொல்லி அதைச் சரிசெய்ய முடியாது. ஒவ்வொரு மாவட்டத்திலும் இந்தப் பையன்களுக்கென்றே இன்னும் இரண்டு அலுவலர்களை நியமிப்பதற்கு ஆகும் செலவைப் பற்றி, தண்டனையைக் கூட்டச் சொல்லும் தீர்மானங்கள் எதிலும் இதுவரை ஒரு வரி கூட நான் படித்ததில்லை.